பூவரசந்தோட்டத்துப் பின்வழி

வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியபோதுதான் கொன்ஸ்ரன்ஸ் அதைக் கண்டாள். முன்கதவிலிருந்து குசினியின் பின்கதவு வரைக்கும் தரையின் பளபளப்பு ஒரு கோடாக மங்கியிருந்தது. ஊத்தை இல்லை, மணல் இல்லை. குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். புதிதாகப் பதித்த வெள்ளை டைல்ஸ், பல தலைமுறைப் பிள்ளைகள் ஏறி இறங்கிய பள்ளிக்கூடப் படியைப் போல நடுவில் தேய்ந்து குழிந்து கிடந்தது. அந்த வீட்டில் நடப்பதற்கு அவளைத் தவிர ஆளில்லை. புருஷன் மெல்ரோய் கப்பலில்.

அவனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். அவன் உடனே கோல் எடுத்தான். "டைல்ஸ் பதிச்ச மேசன் பாஸ் ஏமாத்திப்போட்டான்," என்றான் அவன். "மலிவுச் சாமான். நான் வந்து பாக்கிறன். நீ ஏன் இப்பிடி மூச்சு வாங்குறாய்?"

அவள் போனை வைத்தாள்.

பூவரசந்தோட்டம் என்ற அந்தச் சேரிக் குடியிருப்பு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு போத்தலைப் போலக் கிடந்தது. வீதிப் பக்கத்து வாய், இரண்டு பேர் தோளை ஒடுக்கிக்கொண்டு தாண்டும் அகலம். உள்ளே போகப் போக வயிறு பெருத்து, பலகையும் தகரமும் வைத்து மாடி எழுப்பிய வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நின்றன. முன்பக்கத்தில் துறைமுகத்து வேலைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள், நடுவில் பொதுப் பைப், அதற்கருகே இடியப்பம் அவித்து விற்கிற நிப்லாவின் வீடு. அடியில், கால்வாயை ஒட்டி, தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த அடியிலேயே ஒரு கல்வீடு இருந்தது. அது கொன்ஸ்ரன்ஸுடையது. அவள் வீட்டோரமாகக் கால்வாய்க் கரைக்கு ஒரு ஒடுங்கிய ஒழுங்கை போனது. தோட்டத்துச் சனம் அதைப் பின்வழி என்றது. போதைத்தூள் அடிக்கிற பெடியன்கள் அதனால் வருகிறார்கள் என்று சொல்லி, அந்த ஒழுங்கையை அடைத்து அவள் குசினி கட்டினாள். பெடியன்கள் வந்தது உண்மைதான். அவளுக்குப் பெரிய குசினி வேண்டியிருந்ததும் உண்மை. அதன்பிறகு கரைக்கு இறங்க ஒரே ஒரு கதவுதான் இருந்தது. அது அவள் குசினியின் பின்கதவு.

போன வருடம் ஒரு மத்தியானம் முன்வரிசையில் காஸ் சிலிண்டர் வெடித்தது. போத்தலின் வாயில் நெருப்பு. கூரையில் ஏறக்கூடியவர்கள் ஏறித் தப்பினார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இராமலெட்சுமி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அடிக்கு ஓடிவந்தாள், பின்னால் சரியாக நடக்கமாட்டாத அவள் மாமன் வேலுசாமி. ஒழுங்கை இருந்த இடத்தில் சுவர். அவர்கள் கொன்ஸ்ரன்ஸின் முன்கதவைத் தட்டினார்கள். கைகளால், பிறகு தலையால்.

அவள் உள்ளேதான் நின்றாள். கதவைத் திறந்தால் நெருப்பும் சேர்ந்து வரும் என்று நினைத்தாள். பின்கதவால் கரைக்கு இறங்கி, பின்னால் திரும்பாமல், அதை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். நாலு பேரும் அந்த முன்கதவடியிலேயே கருகிச் செத்தார்கள். எல்லாரிடமும் "நான் மாதா கோயில்ல நிண்டனான்" என்றாள். ஒருவரும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு இவ்வளவு காலமும் நிம்மதியாக இருந்தது.

அடுத்த நாள் இடியப்பம் வாங்கப் போனபோது நிப்லா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நேத்து அசர் தொழுகைக்குப் பொறகு உங்கட ஊட்டுல ஆக்களா? வரிசையா சனம் நடக்கிற சத்தம் கேட்டிச்சி."

"ஆரும் வரேல்ல. டீவி போட்டிருந்தனான்."

நிப்லா அவள் முகத்தைப் பார்த்தாள். இடியப்பத்தைச் சுற்றிக் கொடுத்தாள்.

பைப்படியில் வெள்ளையம்மா வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். இராமலெட்சுமியின் அக்கா. தீக்குப் பிறகு கொன்ஸ்ரன்ஸோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு நிமிர்ந்து, அயலவளோடு சாதாரணமாகக் கதைப்பதுபோலப் பேசினாள்.

"மிஸ், தங்கச்சி நேத்தும் வந்துச்சு."

"என்ன?"

"கதவத் தட்டுச்சாம். தெறக்கலயாம்." வாளியில் தண்ணீர் வழிந்து அவள் காலில் கொட்டியது. அவள் பைப்பை மூடவில்லை. "உள்ள ஆள் இருந்துச்சாம், மிஸ். மூச்சு விடுற சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சாம்."

கொன்ஸ்ரன்ஸ் நடந்தாள். ஓடக்கூடாது என்று தன்னையே அடக்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் வாசல்களில் நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள். அவள் கடந்த பிறகும் தொடங்கவில்லை.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. கால்வாயின் சேற்று மணமும் தகரக் கூரைகளில் மழை விழும் இரைச்சலும் வீட்டை நிறைத்தன. வெளிச்சம் போவதற்கு முன்னரே கரண்ட் போனது. பெட்டியில் இரண்டு உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள் அவள். வெள்ளவத்தையில் தங்கச்சி றேணுகா வீட்டுக்குப் போய்விடுவது, மெல்ரோய் வரும்வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அப்போது மழையின் மணத்துக்குள் இன்னொரு மணம் மெல்ல நுழைந்தது. உருகிய பிளாஸ்டிக். ஈரக் கரி. கருகிய தலைமயிர்.

செருப்புகள் உரசும் சத்தம். ஹோலுக்குள். அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கமான வழியில் சனம் பொறுமையாக நகர்வதுபோல. அவளுடைய முழங்கையில் ஏதோ உரசிக்கொண்டு போனது. சூடாக இருந்தது. ஒரு குழந்தை இருமியது.

"ஆர் அது?"

செருப்புச் சத்தம் நின்றது.

பிறகு முன்கதவில் தட்டல்.

அது பலமாக இல்லை. கையால் ஒரு தட்டு. பிறகு பல கைகள். பிறகு, கொஞ்சம் கீழே, பிள்ளைகளின் உயரத்தில். கதவின் அடியால் புகை நாக்கைப் போல நீண்டு உள்ளே வந்தது.

பெட்டியை எறிந்துவிட்டுக் குசினிக்கு ஓடினாள். பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். தாழ்ப்பாள் வந்தது. கதவு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வெளியிலிருந்து ஒரு கை அதைத் திரும்ப இழுத்துச் சாத்தியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"அம்மா! மாதாவே!"

புகை இடுப்புக்கு ஏறியது. கண் எரிந்தது. ஜன்னல். குசினி ஜன்னல் தோட்டத்துப் பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே அழுத்தினாள்.

வெளியே நெருப்பு இல்லை. புகை இல்லை. மழை மட்டும். மழைக்குள் பூவரசந்தோட்டம் முழுவதும் நின்றது. நிப்லா நின்றாள். துறைமுகத்து ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கதவ உடையுங்கோ! நிப்லா! நான் உள்ள நிக்கிறன்!"

நிப்லா தலையைக் குனிந்தாள். ஒருவரும் அசையவில்லை.

புகை கழுத்துக்கு வந்தது. அப்போதுதான் கொன்ஸ்ரன்ஸ் மற்றவர்களையும் கண்டாள். சனத்துக்கு நடுவே, தோளோடு தோள் ஒட்டி. வேலுசாமி. மயிர் இல்லாத தலையோடு இரண்டு பிள்ளைகள். கண்ணிமை இல்லாததால் கண்ணை மூடமுடியாத இராமலெட்சுமி. பக்கத்தில் நின்றவர்கள் விலகவில்லை. பயப்படவில்லை. பழகியவர்கள்போல இடம் விட்டு நின்றார்கள்.

கொன்ஸ்ரன்ஸ் கத்தினாள். சத்தம் வரவில்லை. வாயெல்லாம் கரி.

வெள்ளையம்மா தன் குடையைச் சற்றே சரித்தாள். நனையாதபடி தங்கச்சியின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். அக்காவும் தங்கச்சியும் ஒரே குடையின் கீழ் நின்று ஜன்னலைப் பார்த்தார்கள்.