சுண்ணாம்புக்கு அடங்காத பாறை

நோரூஸ் என்னும் வசந்தப் பண்டிகை வந்தால் போதும், எங்கள் பள்ளிக்குச் சுண்ணாம்புப் பைத்தியம் பிடித்துவிடும். அடிமரம், வேலிக்கல், வாசற்படி என்று நகராத எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்போம்! அப்படி ஒரு வழக்கம் எங்கள் கிர்கிஸ் மலையில்.

அன்று வாசல் பாறையின் முறை. வாளியோடு போன குபாத் அலறினான்.

“அகாய்! பாறை மேல ஜிபார் உக்காந்திருக்கா. எந்திரிக்க மாட்டேங்கிறா!”

ஜிபார் எங்கள் வகுப்புதான். பிடிவாதத்தில் கழுதைகூட அவளிடம் தோற்றுவிடும்.

தலைமையாசிரியர் சகின்பெக் விறுவிறுவென்று வந்தார். ஆசிரியரை நாங்கள் ‘அகாய்’ என்றுதான் கூப்பிடுவோம். “எறங்கு பொண்ணு. படை புடிச்ச மாதிரி கல்லெல்லாம் மஞ்ச மஞ்சளா இருக்கு. நாளைக்கு ஊரே வருது, பாக்கச் சகிக்கல.”

“படை இல்ல அகாய், லைக்கன். கல்லுல பாசி மாதிரி வளரும், அதுக்கு உசிரு இருக்கு. சுண்ணாம்பு அடிச்சா செத்துரும்.”

“லைக்கன்ல இது எந்த வகை? பேரு என்ன?”

“தெரியாது. நம்ம புத்தகத்துலயும் இல்ல. பேரு தெரியலன்னா கொன்னுடலாமா?”

குபாத் இளித்தான். “பல்லு வெளக்காதவன் பல்லு மாதிரி இருக்கு. இதுக்குப் போயி சண்டையா?”

“உன் மூஞ்சியுந்தான் அழகா இல்ல. அதுக்காக வெள்ளை அடிச்சோமா?”

நாங்கள் கொல்லென்று சிரித்தோம். அகாய் சிரிக்கவில்லை.

“போதும்! நகராத எதுவானாலும் வெள்ளை அடிக்கணும். அதான் வழக்கம்.”

“இது நகருது அகாய்!”

ஜிபார் குதித்து இறங்கினாள். பாறையின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். “ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப இதோட ஓரத்துல ஆணியால கோடு கிழிச்சேன். இப்பப் பாருங்க.”

அகாய் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். மஞ்சள் திட்டு கோட்டைத் தாண்டி ஒரு கோதுமை மணி அகலத்துக்கு வந்திருந்தது.

“இத்தன வருசத்துல இவ்ளோதானா?” என்றான் குபாத்.

“அதால அவ்ளோதான் முடியும். ஆனா நிக்கல, பாத்தியா?” ஜிபாரின் நிமிர்ந்த தலை தாழவில்லை.

அகாய் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குபாத்தின் பிரஷைப் பிடுங்கி அவள் கையில் திணித்தார்.

“எதிர்த்துப் பேசினதுக்குத் தண்டனை. வேலிக்கல் முழுக்க நீதான் அடிக்கிற. இந்தப் பாறை இப்படியே கெடக்கட்டும்.”

ஜிபார் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

“சரி அகாய்! டேய் குபாத், வாளியத் தள்ளி வை. இதுமேல ஒரு சொட்டு தெறிச்சுது, தெரியும் சேதி!”