மூன்றாவது ஓட்டு

கோம்பையில் அந்த ஏலக்காய் வியாபாரியின் பழைய பங்களா வாசலில் ஜீப் நின்றபோது நல்ல மத்தியானம். ஆனாலும் ஆடிச் சாரல் மலையை மூடியிருந்ததால் உள்ளே விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிருபாவதி முதலில் இறங்கினாள். பின்னால் அவள் புருஷன் ஜெபமணி, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு.

அல்லிநகரத்துக் கம்ப்யூட்டர் கடையை மூடிவிட்டு பெங்களூர் போய்விடலாம் என்பது அவன் கட்சி. இந்த ஒரு வேலையை நல்லபடியாக முடித்தால் சொந்த ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் பிடிவாதம். வழியெல்லாம் இதே பேச்சுதான்.

குடோன் மேனேஜர் அழகர் கதவைத் திறந்துவிட்டார். ஏலக்காய் வாசனை முகத்தில் அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, வயர் கருகின வாடை.

"இங்கன வேலை பாத்த சுருளியாண்டி, போன வருசம் பின்னாடி பேட்டரி ரூம்புல கரண்டு அடிச்சுச் செத்துப்போனாக. 'யாராச்சும் இருக்கீகளா'ன்னு கத்தியிருக்காக. ஜெனரேட்டர் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல. வேலிக்கு அங்கிட்டு மாடு மேச்ச பொம்பளைக்குத்தான் கேட்டிருக்கு. யாரோ யாரையோ கூப்புடுறாகன்னு அதுவும் போயிருச்சு."

"இதை எதுக்கு இப்பச் சொல்றீக?" என்றாள்.

அழகரின் கண் ஜெபமணி பக்கம் போய்த் திரும்பியது. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை விரட்டப் பார்க்கிறார்களா? அவளுக்குச் சுருக்கென்றது.

வேலை இதுதான். அறையில் இரண்டு சர்வர் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர், உண்டாக்க வேண்டும். வியாபாரக் கணக்கு இரண்டிலும் ஒரேமாதிரி ஓடும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது தாங்கும். கடை வழக்கப்படி மெஷின்களுக்கு ஆள் பெயரே வைத்தாள்: கிருபா, ஜெபா. அவை ஓயாமல் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பார்க்கும். அந்தப் பேச்சு திரையில் தமிழில் வரும்படி முன்பு ஜெபமணி விளையாட்டாக எழுதி வைத்திருந்தான். 'இருக்கியா?' 'இருக்கேன்.'

ஒரு மெஷின் பதில் சொல்லாவிட்டால் மற்றவை ஓட்டுப் போடும். பாதிக்கு மேல் விழுந்தால் அது இருக்கும் பெட்டியின் கரண்டையே வெட்டிவிடும். இரண்டே பேர் என்றால் வழக்கு தீராது. அதனால் மூன்றாவதாக ஒன்று, ஓட்டுக்கு மட்டும், வேண்டும். அதை அவள் இன்னும் உண்டாக்கவில்லை.

திரையில் மூன்று வரி வந்தது.

கிருபா: இருக்கேன்.

ஜெபா: இருக்கேன்.

சுருளி: இருக்கேன்.

மூன்றாவது வரியை அழித்தாள். வந்தது. பெட்டிகளை அணைத்து மறுபடி போட்டாள். முதலில் வந்ததே அந்தப் பெயர்தான்.

"நீங்கதான இது?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" ஜெபமணியின் உதடு காய்ந்திருந்தது. "எனக்கே உள்ளுக்குள்ள உதறுது கிருபா. பேட்டரி வயரை மட்டும் இறுக்கிட்டு வாரேன். கிளம்பிருவோம்."

கிளம்பிருவோமாம்! அதற்குத்தானே இந்த நாடகம். அவன் பின்கட்டில் இருந்த பேட்டரி அறைக்குப் போனதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சுருளி ஜெபமணியின் வேலை என்றால், அவன் கைவைத்த ஜெபா பெட்டிக்குள்தான் ஒளிந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் ஜெபாவோடு சேர்ந்து சுருளியும் காணாமல் போகும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

வெளியே கரண்டு போனது. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.

அவள் கேபிளைப் பிடுங்கினாள்.

ஜெபா, இருக்கியா?

ஜெபா, இருக்கியா?

பதில் இல்லை. சுருளியும் போயிருக்க வேண்டும்.

போகவில்லை.

சுருளி: ஜெபா இல்லை. வெட்டலாம்.

கிருபா: ஜெபா இல்லை. வெட்டலாம்.

தன் பெயரில் விழுந்த ஓட்டை அவள் வெறித்துப் பார்த்தாள். ஏதோ சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது. ஜெபா பெட்டி இருண்டது. அந்தப் பழைய வீட்டில் பேட்டரி அறை விளக்கும் அதே லைனில்தான் இருந்தது. பின்கட்டும் இருண்டது.

அந்த இருட்டில் அவன் கை வயரின் மேல் இருக்கிறது.

"என்னங்க!" அவள் ஓடினாள். "என்னங்க, இருக்கீகளா?"

ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அதற்குள் மெலிசாக ஒரு குரல் கேட்டதோ என்னவோ, அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

டார்ச்சோடு வந்த அழகர் ஜெனரேட்டரை நிறுத்தினார். உள்ளே போனார். டார்ச் வெளிச்சம் தரையில் ஒரே இடத்தில் நின்றது. பிறகு தலைத்துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார்.

"ஏசப்பா, நான்தானே..." நம்பியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை நம்பியிருக்கலாம்.

அழகரும் குடோன் ஆட்களும் ஜெபமணியின் உடம்பை ஜீப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே சுவரைப் பிடித்து நடந்தவள் சர்வர் அறை வாசலில் நின்றுவிட்டாள். பிடுங்கிய கேபிள் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஜெபா பெட்டி செத்துக் கிடந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சுருளி: இருக்கேன்.

ஜெபா: இருக்கேன்.

அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. இப்போது அந்தப் பக்கம் இரண்டு ஓட்டு.

கிருபா, இருக்கியா?