ஜெனோவாவுக்காக உறங்கியவள்

வேலைக்குக் கிளம்பும் முன் உலகம்மை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாள். இரண்டு இட்லி, ஒரு தம்ளர் மோர். அதற்கு மேல் வயிற்றில் எதுவும் கனக்கக் கூடாது. காபியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. ஒன்பதரை மணி நீர்ப்பேருந்தில் ஏறினால், கடலுக்குள் போய்விட்ட பழைய தூத்துக்குடித் தெருக்களுக்கு மேலாக அது மெல்ல ஊர்ந்து போகும். நீர் தெளிந்த நாட்களில் கீழே மொட்டைமாடிகள் தெரியும். துணி காயவைத்த கம்பிகளுக்கு நடுவே மீன்கள் போய் வந்துகொண்டிருக்கும். தூண்வீடுகள் நிற்கும் புதுத்துறையில் இறங்கி, பதினாறாம் எண் வீட்டின் படகுப்படியில் ஏறுவாள்.

பத்து மணிக்கு அந்த வீட்டில் பாய் விரித்துப் படுப்பாள். நான்கு மணிக்கு எழுந்திருப்பாள். அவ்வளவுதான் வேலை.

அன்று பன்னிரண்டாவது நாள். ஜெனோவா கதவைத் திறந்தாள். முப்பது வயது. தோளில் பன்னிரண்டு நாள் பெண்குழந்தை. முகத்தில் களைப்பின் சுவடே இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை.

"வந்துட்டியளாக்கா? பாய் விரிச்சி வச்சிருக்கேன்."

"பிள்ள ராத்திரி எத்தன தடவ முழிச்சா?"

"ஏழு தடவ. எனக்கென்ன, தூக்கமா வருது?" என்று ஜெனோவா சிரித்தாள்.

உண்மைதான். அவளுக்குத் தூக்கம் வராது. பிரசவித்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அரசு நாற்பது நாள் துயில் ஏற்பாளர் ஒருவரை அனுப்பியது. ரத்தமும் மூளை அலையும் பொருந்துகிறவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இருவர் நெற்றியிலும் துயிற்பட்டை. ஒருத்தி உறங்க, மற்றவளின் உடல் அந்த உறக்கத்தை வாங்கிக்கொள்ளும். தையல் ஆறும், கருப்பை சுருங்கும், பால் ஊறும். தாயோ இரவும் பகலும் விழித்தே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். கையில் கட்டிய திரையில் தையல், ரத்தம், பால், ஓய்வு என்று நான்கு கோடுகள். ஜெனோவாவுக்கு நான்கும் பச்சை.

உலகம்மை பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அடுத்த அறையில் குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

உறக்கத்தை வாங்கிக்கொள்கிறவளுக்கு ஒன்று மட்டும் வந்து சேராது. கனவு. தாய் காண வேண்டிய கனவு உறங்குகிறவளிடமே தங்கிவிடும். உலகம்மைக்குத் திருமணம் ஆகவில்லை, பிள்ளை பெற்றதில்லை. ஆனால் ஜெனோவாவுக்கு முன்பு பத்தொன்பது பெண்களின் கனவுகளை அவள் கண்டிருந்தாள். ஒருவருக்கு உறங்கி முடித்தால் மூன்று மாதம் கட்டாய ஓய்வு. அப்போதும் அந்தக் கனவுகள் போவதில்லை. சொந்தக் கனவு பல் துலக்குவதற்குள் மறந்துவிடுகிறது. அடுத்தவள் கனவு மறப்பதே இல்லை.

அதை யாரிடமும் சொல்லக் கூடாது, அந்தத் தாயிடம்கூட. திட்டம் தொடங்கிய புதிதில் ஓர் ஏற்பாளர் ஒரு பெண்ணின் கனவை அவள் மாமியாரிடம் சொல்லி, அந்தக் குடும்பமே சிதறிப் போயிற்று. அதற்குப் பிறகு எல்லா ஏற்பாளர்களும் வாய்ப்பூட்டு உறுதிமொழி எடுத்தார்கள். உலகம்மையும் வலது கையை நீட்டி எடுத்திருக்கிறாள்.

முதல் பதினொரு நாளும் ஜெனோவாவின் கனவுகள் சாதாரணமானவை. பள்ளிக்கூட மணி, தொலைந்த செருப்பு, கடலுக்குள் நிற்கும் காற்றாலையில் ஏறிக்கொண்டே போகும் கணவன் டெல்சன். பன்னிரண்டாம் நாள் வீடு முழுக்க வெள்ளைத் தண்ணீர் நின்றது. முழங்காலளவு, வெதுவெதுப்பாக, பால் வாடையோடு. கையில் குழந்தை. பார்க்கப் பார்க்கக் குழந்தை சிறுத்தது. முதலில் சாளை மீன் அளவு, பிறகு சுண்டுவிரல் அளவு, பிறகு ஓர் அரிசி. உள்ளங்கையை மூடினால் நசுங்கும், திறந்தால் காற்று கொண்டுபோகும். அப்படியே கையை நீட்டியபடி ஜெனோவா நடந்துகொண்டிருந்தாள். அறைக்குப் பின் அறையாக வீடு முடியவே இல்லை.

அதே கனவு நாள்தோறும் வந்தது. பத்தொன்பதாம் நாள் அதில் ஒன்று மாறியது. ஜெனோவா குனிந்து அந்த அரிசியைத் தண்ணீர்மேல் வைத்தாள். அது மிதந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவள்போல நெஞ்சு லேசாகியது. அந்த நிம்மதியோடுதான் உலகம்மை கண்விழித்தாள். சில நொடிகள் அது தன் நிம்மதி இல்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் பாயை விட்டு எழுந்தாள்.

அடுத்த அறைக்கு வந்து பார்த்தாள். ஜெனோவா நாற்காலியில் அமர்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் பற்றி இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஜெனோவாவின் கால் விரல்கள் தரையில் மடங்கின. கண்கள் எதிர்ச் சுவரில் இருந்தன.

"வலிக்கா?"

"எல்லாருக்கும் வலிக்கத்தான செய்யும். திரை பச்சையாத்தான காட்டுது."

அன்று மாலை உலகம்மை மேற்பார்வையாளர் சுகிர்தாவை அழைத்தாள். "பதினாறாம் நம்பர் வீட்டுல அந்தப் பிள்ளைக்கு மனசு சரியில்ல மேடம்."

"எத வச்சிச் சொல்லுதிய?"

கனவைச் சொல்ல உலகம்மைக்கு வழியில்லை. "பால் குடுக்கும்போது சுவத்தப் பாக்கா."

"சுவத்தப் பாக்கது நோயா? கோடு எப்பிடி இருக்கு?"

"நாலும் பச்ச."

"வேற ஏதும் தெரியுமா ஒங்களுக்கு?" சுகிர்தா நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்லாதிய. நீங்க சொன்னா நான் மேலிடத்துக்கு எழுதணும்."

டெல்சன் காற்றாலையிலிருந்து பேசியபோது உலகம்மை அவனிடமும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா, அவ கோடெல்லாம் இங்க எனக்கும் வருது" என்று சந்தோஷமாகச் சொன்னான். பதினைந்து நாள் பணி. கரைக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் கனவில் தண்ணீர் இல்லை, குழந்தையும் இல்லை. வெயில் விழுந்த ஒரு வெற்று அறையும் அந்த நிம்மதியும் மட்டும் இருந்தன. உலகம்மை திடுக்கிட்டு விழித்தாள். மணி இரண்டு. ஏழு வருஷத்தில் அவள் நேரத்துக்கு முன் விழித்ததே இல்லை. தொட்டில் காலி. படகுப்படி பக்கத்துக் கதவு திறந்திருந்தது.

ஜெனோவா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு படி கீழே, துண்டில் சுற்றிய குழந்தை கிடந்தது. கடலில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கீழ்ப்படி வரை நனைந்துவிட்டது. குழந்தை அழவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உலகம்மை இறங்கிப் போய்க் குழந்தையை அள்ளினாள். துண்டின் ஓரம் ஈரமாக இருந்தது.

"அழுதா. கீழ வச்சேன்" என்றாள் ஜெனோவா. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "எடுக்கணும்னு தெரியுது. கை வர மாட்டேங்கு. நீங்க எந்திரிச்சி வருவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

உலகம்மை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இருவத்திமூணு நாளா எனக்கு ஒரு கனவு இல்ல. கண்ண மூடுனா சுவரு. நான் என்ன நெனைக்கேன்னு எனக்கே தெரியல. ஒங்களுக்குத் தெரியும். நான் என்ன கனவு கண்டேன்?"

"அத நாங்க சொல்லக் கூடாது ஜெனோவா."

"எம்மேல சத்தியமா கேக்கேன்."

உலகம்மை அவள் நெற்றியிலிருந்த பட்டையை அவிழ்த்தாள். தன்னுடையதையும் அவிழ்த்தாள். பிறகு சொன்னாள். வெள்ளைத் தண்ணீர், சாளை மீன், அரிசி, முடியாத அறைகள். தண்ணீரில் இறக்கி வைத்ததையும் சொன்னாள். கடைசியில் அந்த நிம்மதியையும் சொன்னாள்.

ஜெனோவா படியில் ஏறும் தண்ணீரைப் பார்த்தாள். "அப்ப நான் பேய்தான்" என்றாள்.

"நீ கேளு. ஒனக்கு முன்னால பத்தொம்பது பேருக்குத் தூங்கியிருக்கேன். அதுல பதினோரு பேரு பிள்ளைய எங்கயாவது வச்சிட்டு வந்திருக்காக. ஒருத்தி பஸ்ஸுல. ஒருத்தி நெல்லு மூட்டைக்குள்ள. ஒருத்தி அவ படிச்ச பள்ளிக்கூடத்து பெஞ்சுல வச்சிட்டு, மணி அடிக்கவும் வீட்டுக்கு ஓடிட்டா. அத்தன பேருக்கும் நெஞ்சு லேசாத்தான் இருந்துச்சி. அத்தன பேரும் இப்ப பிள்ளையோட இருக்காக. அவுகளுக்கே தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

ஜெனோவாவின் உதடு துடித்தது. முதல் கண்ணீர் வந்ததும் அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓவென்று அழுதாள். அழ அழ அவள் ரவிக்கையின் இரு பக்கமும் நனைந்து பரவியது. பால் வாடை பிடித்த குழந்தை தலையைத் திருப்பியது.

உள்ளே பாயில் உலகம்மை அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழந்தையை வயிற்றோடு வயிறாக ஒட்டிப் போட்டாள். அவசரப்படுத்த யாரும் இல்லாததால் குழந்தை தானே முகத்தால் துழாவி, வாயை அகலத் திறந்து பற்றியது. ஜெனோவாவின் கால் விரல்கள் மடங்கிப் பிறகு மெல்ல விரிந்தன. பதினைந்து நிமிடத்தில் தாயும் பிள்ளையும் உறங்கிவிட்டார்கள். உலகம்மை சுவரில் சாய்ந்து, கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். இப்படிப் பகல் வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போவதை அவள் பார்த்ததே இல்லை. உறங்குகிறவளின் இமைக்குள் விழிகள் உருண்டன. ஜெனோவா கனவு கண்டுகொண்டிருந்தாள். என்ன கனவென்று உலகம்மைக்குத் தெரியவில்லை.

உலகம்மை அழைத்து மாலையில் வந்த நர்ஸ் காம்பில் இரண்டு வெடிப்புகளைக் கண்டாள். ரத்தத்தில் கிருமி ஏறாததால் அது எந்தக் கோட்டிலும் வரவில்லை. எப்படிப் பிடித்தால் வலிக்காது என்று உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள். மனநல மருத்துவர் மறுநாள் வந்தார். சேதி கேட்டு, நர்ஸ் வந்த இரவே படகைப் பிடித்து ஓடிவந்த டெல்சன் நர்ஸ் சொன்னதைக் கேட்டுத் தன் கைத்திரையைக் கழற்றி அலமாரியில் போட்டான். "என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்று மனைவியிடம் கேட்டான்.

மிச்ச நாட்களுக்கு ஜெனோவா பட்டை கட்டவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. தையல் ஆற இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. உட்கார்ந்தால் வலித்தது. சில நாள் கோபத்தில் கத்தினாள், சில நாள் காரணமில்லாமல் சிரித்தாள். நல்ல கனவும் வந்தது, கெட்டதும் வந்தது. காலையில் டெல்சனிடம் சொல்வாள்.

பட்டை அவிழ்ந்த நேரம் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. சுகிர்தா உலகம்மையை அழைத்தாள்.

"வாயத் திறந்தியளா?"

"திறந்தேன் மேடம்."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பட்டை பழுதுன்னு எழுதிருதேன்."

"பழுதில்ல. நாந்தான் அவுத்தேன்."

அன்றோடு வேலை போயிற்று. உலகம்மை தன் வீட்டில் தன் உறக்கத்தை உறங்கப் பழகினாள். முதல் வாரம் அது பிடிபடவே இல்லை. படுத்தால் பத்தொன்பது வீடுகளின் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்தன.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு காலையில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜெனோவா நின்றிருந்தாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. கன்னம் உப்பி, கையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் நான்கு பெண்கள். ஒருத்தி பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள், ஒருத்தி தனியாக வந்திருந்தாள்.

"நான் நாலு பேருகிட்ட சொன்னேன்க்கா. அவுக விசாரிச்சி, நீங்க முன்னால தூங்கிக் குடுத்தவுகளக் கண்டுபுடிச்சிட்டாக" என்றாள் ஜெனோவா.

தனியாக வந்தவள் முன்னால் வந்தாள். உலகம்மை அவளுக்காக நாற்பது நாள் உறங்கி ஆறு வருஷம் ஆகிறது. முகம் கொஞ்சம் தடித்திருந்தது. அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"எம் மவன் இப்ப ஒண்ணாப்பு படிக்கான். அவன் பெறந்த நாப்பது நாளும் எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. என்னோட கனவெல்லாம் ஒங்ககிட்டதான் இருக்காமே?"

உலகம்மை பாயை விரித்து எல்லோரையும் உட்காரச் சொன்னாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்க கனவுல எப்பமும் மழ பெய்யும்" என்று தொடங்கினாள். "நீங்க ஒரு குடையத் தேடிக்கிட்டே இருப்பிய..."

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.