கல்லறைக்குரிய கண்ணாடி

எட்டு நாள் ஓயாமல் அழுத குழந்தை ஒன்பதாம் நாள் மத்தியானம் சிரித்தது.

கூடத்தில் ஆறிப்போன கூழைக் கிளறிக்கொண்டிருந்த வெல்தூர் நிமிர்ந்தான். உள்ளறையிலிருந்து மகள் லார்தியின் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே, ஈரக் கூந்தலில் சீப்பு இறங்கும் சரசரப்பும், வெகுநாள் மூடியிருந்த குகையைத் திறந்தால் அடிக்குமே, அந்த மண்வாடையும் வந்தன. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தலைவார அங்கே யாருமில்லை. அவள் அம்மா ராவ்ந்துவை, எட்ருஸ்கர் நகரமான தார்க்னாவுக்கு வெளியே, பாறையில் குடைந்த கல்லறையில் கிடத்தி ஒன்பது நாளாகிறது.

கொழுந்தி ஃபஸ்தி வாசலில் வந்து நின்றாள். "மாமா, அக்காவோட கண்ணாடிய எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"புள்ள அம்மா மூஞ்சியக் கேட்டு அழுவுறா. நான் வேற என்ன பண்ணட்டும்?"

"அதுல சுதினான்னு கீறியாச்சு மாமா. அதுல பாக்குறவங்களும் அந்தப் பக்கத்துக்குத்தான் சொந்தம்."

சுதினா என்றால் கல்லறைக்கு உரியது. இதை அறியாத எட்ருஸ்கர் கிடையாது. இறந்தவரோடு வைக்கும் வெண்கலக் கண்ணாடியின் முகத்திலேயே அதைக் கீறிவிடுவார்கள், உயிருள்ளவர் யாரும் இனி அதில் முகம் பார்க்கக் கூடாது என்று. வெல்தூருக்கும் தெரியும். பாழாய்ப்போன பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

உள்ளே போனான். லார்தி மடியில் கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தாள். பின்னல் கச்சிதமாக இருந்தது.

"அம்மா உள்ள வான்னு கூப்புடுறாங்கப்பா. பக்கத்துல எடம் இருக்காம்."

பிடுங்கினான். குழந்தை துவண்டு படுக்கையில் சாய்ந்தாள். மூச்சு இருந்தது. ஃபஸ்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினான்.

வழியெல்லாம் கண்ணாடி கனத்தது. தூங்கும் பிள்ளையை இடுப்பில் சுமப்பதுபோல் கனத்தது. கல்லறைக்குள் மனைவியின் தலைமாட்டில் வைத்தான். வெளியே வந்தான். கல்லைத் தள்ளினான். உள்ளே ஏதோ தட்டியது. சின்ன விரல்கள். இல்லை, மண் உதிர்கிறது. மூடினான்.

வீட்டில் லார்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டாள். வாரி அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். சின்னக் கை அவன் கன்னத்தைத் துடைத்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியது.

"அழுவாதீங்க. நான்தான் வந்துட்டேன்ல."

ராவ்ந்துவின் குரல்.

பிறகு அந்தக் கண்கள் அவன் தோளுக்குப் பின்னால் அறை முழுக்கத் தேடின.

"ஏங்க, பாப்பா எங்க?"