அடுப்பணைத்த நாள்

காலையில் எழுந்ததும் தெருமுனைக் கம்பத்தைப் பார்ப்பது சங்குகுளித் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். உச்சி விளக்கு பச்சையாக இருந்தால் அடுப்பு மூட்டலாம். மஞ்சள் என்றால் ஒரே ஒரு வீட்டில் மூட்டி எல்லோருக்குமாகச் சேர்த்துப் பொங்க வேண்டும். சிவப்பைப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. பார்த்த பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்று விளக்கு பளிச்சென்ற பச்சை. ஆனாலும் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டு செசிலி அக்கா வாசலில் நின்று நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, ஒன் வேனுக்காவ எங்க வீட்டு ஆளுக்குக் காப்பிகூட கெடையாது. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ."

"கல்யாண போட்டோலயும் அப்படித்தானக்கா இருக்காவ," என்றாள் ஸ்டெல்லா. தெரு சிரித்தது.

கடலோரக் காற்றில் ஈரம் ஏறி, வேர்வை உலராமல் மனிதர்கள் செத்த கோடைகளுக்குப் பிறகு வந்தது இந்த ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் தண்மைக்குழாயில் குளிர்நீர் ஓடுகிறது. தெருவின் காற்று அளவு மீறிச் சூடானால் கம்பம் சிவக்கும். அன்று முழுக்க அந்தத் தெருவின் குழாய்கள் மூடிக்கொள்ளும். ஒரு வீடு விடுகிற சூடு எல்லாச் சுவர்களையும் தொடும் என்பதால், பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சூடு விடாமல் இருக்கவும் பழகினார்கள். ஓடாதே, கத்தாதே, எதையும் கொதிக்க விடாதே.

அடுப்பணைப்பு இந்தத் தெருவே கண்டுபிடித்த வழக்கம். வருடத்தில் ஒரு நாள் எல்லா வீடுகளும் அடுப்பை அணைத்து, மிச்சமாகும் சூட்டை ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுக்கும். போன வருடம் ஒரு கல்யாண விருந்துக்கு. இந்த வருடம் ஸ்டெல்லாவுக்கு.

அவள் கணவன் அமலன் உள்ளறையில், குளிர்ந்த சுவரில் முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். வெயில் அவன் சிறுநீரகங்களைத் தின்றுகொண்டிருந்தது. மலைக்குக் கொண்டுபோனால் பிழைப்பான், இங்கே அடுத்த கோடையைத் தாண்ட மாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பொதுவண்டிகள் மலையேறுவதில்லை. சொந்த வண்டியில் மழைக்காலத்துக்கு முன் வந்து சேர்கிறவர்களை மட்டும் மலைக் குடியிருப்பு ஏற்கும்.

வண்டி என்று கிடைத்தது ஒரு பழங்கால வேன். அதன் எஞ்சின் துருவாகிக் கொட்டிவிட்டிருந்தது. அமலனின் தம்பி ரீகன், கரையில் கிடந்த தங்கள் படகின் எஞ்சினைக் கழற்றி, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே உயரமாக உட்கார வைத்தான். அந்த எஞ்சினுக்கு ரேடியேட்டரே இருந்ததில்லை. ஒரு குழாயால் கடலை உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, மறு குழாயால் கடலிலேயே துப்பும். தரையில் கடலுக்கு எங்கே போவது? உடைத்துப்போட்ட ஒரு ஜெனரேட்டரின் ரேடியேட்டரை வாங்கி, வேனின் முகப்புக்கு அடியில் தாழ்வாகப் பொருத்தினார்கள். பின்னால் விசிறி. வண்டித் தளத்துக்கு அடியில் எஞ்சின்வரை நீண்ட ரப்பர் குழாய்கள். ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் சமவெளிப் பாதையில் இறங்குவது சாவுக்குச் சமம். அந்த ஒரு மணி நேரச் சூட்டைத்தான் தெரு கொடுத்திருந்தது.

ரீகன் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகினான்.

"மைனி, சாவியத் திருப்புங்க. மாதாவ வேண்டிக்கிட்டுத் திருப்புங்க."

எஞ்சின் இருமி, உறுமி, சீரானது. கடலின் ஓசை தெருவுக்குள் வந்ததுபோல் கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். விளக்கு புகையின் சூட்டுக்குக் கொஞ்சம் மஞ்சளித்தது. அதோடு நின்றுவிட்டது.

ரீகன் ரேடியேட்டரின் தகடுகளில் கை வைத்தான். முகம் மலர்ந்தது.

"சூடே வரல மைனி!"

செசிலி அக்கா தொட்டுப் பார்த்தாள். "யம்மாடி, சில்லுன்னு கெடக்கு!" பிறகு ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். பிள்ளையின் கன்னத்தை அதில் வைத்தாள் ஒருத்தி. யாரோ கைதட்ட, தெரு முழுக்கத் தட்டியது.

"அந்தச் சூடு எங்கயாவது போவணும்லா?" என்றாள் ஸ்டெல்லா.

"முள்ளப் பாருங்க, அசையவே இல்ல. நம்ம கை ராசி மைனி."

வெப்பமானியின் முள் உண்மையிலேயே அசையவில்லை. ஸ்டெல்லா எஞ்சினை அணைக்கச் சாவியில் கை வைத்தாள். வெளியே அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. தன்னால் யார் சுவரும் சூடாகவில்லை என்ற நிம்மதி அவளுக்கும் இனித்தது. கையை எடுத்துவிட்டாள். எஞ்சின்மேல் பூசிய வண்ணம் கருகும் வாடையை, திறந்திருந்த கதவு வழியே வீசிய கடற்காற்று முதலில் தெருப்பக்கம் தள்ளிவிட்டது. அவள் நாசிக்கு அது வந்து சேர்ந்தபோது எஞ்சின், இரும்பை இரும்பால் அரைப்பதுபோல் ஒரு சத்தம் போட்டு நின்றது.

வெகுநேரம் கழித்து ரீகன் எஞ்சினின் மேல் குழாயைத் தளர்த்தினான். சூடான காற்று மட்டும் சீறியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"எஞ்சின் ஒசரத்துல இருக்குல்லா, மேல காத்து அடைச்சிருக்கு," என்றான். "தண்ணி சுத்தவே இல்ல. சூடு பாக்குற முனையும் தண்ணி படாம காத்துலதான் நின்னுருக்கு, அதான் முள்ளு அசையல. போட்ல காத்தக் கடலே தள்ளிரும். இங்க நாமதான் இந்தக் குழாயத் தொறந்து வெளிய விட்டுருக்கணும்."

எஞ்சினின் தலை விரிசல் விட்டிருந்தது. அந்த இரும்பை வார்க்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. ரேடியேட்டர் சுட்டிருந்தால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். அது சுட்டிருந்தால் யாராவது பயந்து கத்தியிருப்பார்கள். சுடாததால் கைதட்டினார்கள். எஞ்சின் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த நேரம் முழுக்கத் தட்டினார்கள்.

விளக்கு மறுபடி முழுப் பச்சைக்குத் திரும்பியது. விட்டுக்கொடுத்த சூடு பெரும்பாலும் அப்படியே மிஞ்சியிருந்தது. அதை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ள முடியாது. சாயங்காலம் முதலில் ஓர் அடுப்பு எரிந்தது, பிறகு இன்னொன்று. தெருவெங்கும் மீன் குழம்பு மணந்தது. செசிலி அக்கா ஆவி பறக்கும் சட்டியோடு வந்தாள்.

"வீணாப் போவக்கூடாதுல்லாடி," என்றாள், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டெல்லா சட்டியை உள்ளே கொண்டுபோனாள். அமலன் கண் திறந்தான்.

"சத்தம் கேட்டுச்சு. நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"கைதட்டுனாவளே."

"ஆமா. சூடே வரலன்னு தட்டுனாவ."

அவன் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு சிரித்தான். "நல்லவேள. நம்மளால யாருக்கும் தொந்தரவு இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "மலையில குளிருமாமே. போர்வ எடுத்து வச்சியா?" என்றான்.

"எடுத்து வச்சாச்சு," என்றாள் ஸ்டெல்லா.