வெள்ளைக் கால்சட்டையின் கறை

பட்டறைக்காரி படியேறி வந்து, கையிலிருந்த வெள்ளைக் கால்சட்டையைத் துப்பறிவாளரின் மேசைமேல் விரித்தாள். வலது காலின் அடியில், உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு கிரீஸ்.

"இது வரக்கூடாதுன்னுதான் சார் ரெண்டு வருஷமா உழைச்சேன்," என்றாள்.

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய உதவியாளர், மனைவியின் தம்பிதான், அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா."

வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுகளுக்காக அவள் ஒரு சாய்வு சைக்கிள் செய்திருந்தாள். சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முதுகு வலிக்காது. ஆனால் பெடல் முன்னால், அது சுழற்றும் சக்கரம் பின்னால். அதனால் சங்கிலி மிக நீளம். காலுக்கு அடியிலேயே ஓடும். இந்த வகை வண்டியில் போய் இறங்குகிறவர்கள் அடுப்புக்கரி அள்ளியவர்கள்போல்தான் நிற்பார்கள். நர்ஸ் உடையோ வெள்ளை. ஆகவே சங்கிலி முழுவதையும் குழாய்க்குள் ஓடவிட்டு, முன்புறப் பல்சக்கரத்தை இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே அடைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி மேட்ரன் ஒரே ஒரு நிபந்தனைதான் வச்சாங்க. வெள்ளை பேண்ட் போட்டுக்கிட்டு ஒருத்தர் ஏரிக்கரை கிளினிக் வரைக்கும் போய், மருந்துப் பெட்டியைக் குடுத்துட்டு வரணும். கறை இல்லாம வந்தா எல்லா நர்ஸுக்கும் என் வண்டி. கறை பட்டா கிடையாது."

"ஓட்டினது யாரு?"

"சாம்பியன்."

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அத்தனை சைக்கிள் பந்தயங்களில் ஜெயித்தவர்.

"ஆஸ்பத்திரி கேட் வழியா வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தாரு. கேட்டதுக்கு, கறை பட்டுடுச்சு, இறங்கிட்டேன்னாரு. மேட்ரன் பேண்ட்டைப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க. நாளைக்கு வேற கம்பெனியைக் கூப்பிட்டுடுவாங்க."

"எவனோ போட்டிக்காரன் குழாயில ஓட்டை போட்டிருக்கான் அத்தான்," என்றார் உதவியாளர். "எழுதிக்கட்டுமா?"

"எழுது மாப்ளே. பென்சில்ல எழுது, அழிக்க வசதியா இருக்கும்."

துப்பறிவாளர் கால்சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறைக்குள் வரிசையாக மூன்று சின்னப் பொத்தல்கள். அவற்றின் வழியாக வெளிச்சம் வந்தது.

பிறகு மூவரும் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போனார்கள். குழாயை நீளம் முழுக்க அவர் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. வட்டத் தட்டுகளின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. மச்சானின் பேனாவை வாங்கி விட்டுப் பார்த்தார். அதுவும் போகவில்லை. இருக்கையின் இடப்பக்கம் புதுசாக ஒரு சிராய்ப்பு இருந்தது.

"இது?"

"காலையில நான் குடுத்தப்ப இல்லை சார்."

உதவியாளர் ஏரிப் பாதையைப் பார்க்க ஓடிப்போய், மூச்சிரைக்கத் திரும்பினார். "முதல் வளைவு தாண்டினதும் சாம்பியனோட சைக்கிள் கிளப். அப்புறம் ஏரி வரைக்கும் வெட்டவெளி."

"போதும். எல்லாரையும் கூப்பிடு."

மேட்ரனின் அறையில் ஐந்து பேர். சாம்பியன் ஜன்னல் பக்கம் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

"மேடம், நீங்க கறையைப் பார்த்தீங்க," என்றார் துப்பறிவாளர். "கறைக்குள்ள இருக்கற மூணு பொத்தலைப் பாருங்க. பல்சக்கரம் கடிச்ச கடி. கிரீஸ் எங்கேயிருந்தாவது ஒழுகலாம். பல் ஒழுகாது. பேனா நுழையாத இடுக்குல பேண்ட் நுழைஞ்சு கடி வாங்க முடியாது. இது மூடாத பல்சக்கரம். சாதாரண சைக்கிள்."

"நான் எடுத்துட்டுப் போனது இவங்க வண்டிதான்," என்றார் சாம்பியன்.

"ஆமா. வளைவு வரைக்கும்." துப்பறிவாளரின் குரல் உயரவில்லை. "பேண்ட் போட்டு சைக்கிள் ஓட்டறவங்க, ஆபீஸ் போறவங்களானாலும் சரி, பேப்பர் போடறவங்களானாலும் சரி, ஏறறதுக்கு முன்னாடி வலது காலை மடிச்சுவிடுவாங்க. கை தானா போகும். மடிக்காம ஏறினவர் பேண்ட்ல சைக்கிளே ஓட்டாதவர். காலம் பூரா இறுக்கமான அரைக்கால் சட்டையிலேயே ஓட்டினவர்."

உதவியாளருக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இருக்கையில இருக்கற சிராய்ப்பு விழுந்த தடம். வளைவுல விழுந்தீங்க. பக்கத்துல உங்க கிளப், உள்ள உங்க சைக்கிள். மீதியை நீங்களே சொல்லிடுங்க."

சாம்பியன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"பந்தயத்துல கூட நான் விழுந்ததில்லை," என்றார். "இதுல ரெண்டு தடவை விழுந்தேன். கிளப் பசங்க வெளியே வந்துட்டா மானம் போயிடும். மருந்துப் பெட்டியைக் குடுத்தாகணும். இதைக் கிளப்புல விட்டுட்டு என் சைக்கிள்ல போனேன், திரும்பறப்ப இதை எடுத்துத் தள்ளிக்கிட்டு வந்தேன். கறையைப் பத்தி உண்மையைச் சொன்னா, விழுந்ததையும் சொல்லணும். சொல்ல வாய் வரலை. தப்புதான்மா."

பட்டறைக்காரி தனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. ஊரே கைதட்டுகிற மனிதரை இரண்டு தரம் கீழே தள்ளிய வண்டி, அவர் காலில் ஒரு பொட்டு கிரீஸ்கூட வைக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்ததை அவள் மறைக்கவில்லை.

"ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"பின்னே?"

"அதான் விழுந்தீங்க. முதுகை இருக்கைக்குக் குடுத்துட்டு, கையை லேசா விடணும். வாங்க, சொல்லித் தரேன்."

"அவருக்கு அப்புறம்," என்று எழுந்தார் மேட்ரன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சீருடையில்தான் இருந்தார். "முதல்ல எனக்கு."

முற்றத்தில் பட்டறைக்காரி இருக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். வண்டி பாம்பாக நெளிந்தது, நிமிர்ந்தது. அவள் கையை எடுத்தாள். மேட்ரன் வளைவில் மறைந்தார்.

ஏரிவரை போய்த் திரும்பினார். உதவியாளர் முட்டிபோட்டு இரண்டு காலையும் பார்த்தார். "பால் மாதிரி இருக்கு அத்தான்."

"நர்ஸுங்க எல்லாருக்கும் இதான்," என்றார் மேட்ரன். ஆனால் இறங்கவில்லை. இன்னொரு சுற்று கிளம்பிவிட்டார்.

கேட்டருகே நோயாளி ஒருவருக்குத் துணையாக வந்த பெண் வாய்பிளந்து பார்த்தாள். "இது எந்த ஊர் வண்டிம்மா?"

இப்படிக் கேட்டால் பட்டறைக்காரி எப்போதும் தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுப்பாள்.

"நான் செஞ்சது," என்றாள்.