நிறம் ஒட்டாத கிடார்

"காபி..." என்று டம்ளரை நீட்டினாள் தையல்காரி.

"அங்க வச்சுடுங்க." மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா என்று ஒரு வார்த்தை! அதை மகள் வாயிலிருந்து கேட்டு மூன்று வருடமாகிறது. 'அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எனக்கு ஏன் சொல்லல? கடைசியா ஒரு தடவை உயிரோட முகத்தைப் பாக்க விடலையே!' என்று கத்திவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனவள்தான். நேற்று வந்தது தாயைப் பார்க்க அல்ல. அப்பாவும் அவளுமாக அறுத்து இழைத்து, பாதியில் நின்றுபோன எலக்ட்ரிக் கிடாரின் உடம்பை எடுத்துப் போகத்தான். பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் கிளம்பிவிடுவாளாம். அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு வேறென்ன காரணம் இருக்கிறது?

கொல்லையில் துணி காயப்போடும் கொடியில் கிடார் தொங்கியது. போனில் பெயின்ட் அடிக்கும் வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டு மகள் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினாள். வாழ்நாளிலேயே முதல் தடவை. அப்பா தேர்ந்தெடுத்து வைத்திருந்த கருநீலம்.

நிறம் அழகாகத்தான் விழுந்தது. அடுத்த நிமிடமே அங்கங்கே வட்ட வட்டமாக விலகி, அம்மைத் தழும்பு மாதிரி மரம் தெரிந்தது. துடைத்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள், மறுபடி அடித்தாள். மறுபடி விலகியது.

"ஐயோ! ஏதோ பிசுக்கு இருக்கே... யாரு இதுல என்ன தடவுனது?"

"நான்தான்..." என்றாள் தையல்காரி. "தையல் மெஷின் எண்ணெய். வாராவாரம் துணியில தொட்டுத் துடைப்பேன். சும்மா கெடந்தா மரம் வெடிச்சுடுமேன்னு..."

"மூணு வருஷமாவா? மரம் பூரா குடிச்சிருக்குமே! அப்பாவத்தான் பாக்க விடல. அவர் செஞ்சதையும் பாழாக்கியாச்சா? இப்ப திருப்திதானே!"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் கத்திவிட்டுப் போன அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் ஈரக் கையோடு ஓடிவந்தாள். எதற்கும் வாயை அடக்காதவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணிக்காக அடக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும் அண்ணி, நீங்க ஊமையா நின்னது! ஏண்டி, உனக்குச் சொல்ல வேணாம்னது யாரு தெரியுமா? உங்கப்பா! 'பரீட்சை முடியட்டும், அதுக்குள்ள எந்திரிச்சுடுவேன்'னு இவங்க கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு. நான் கட்டில் பக்கத்துலதான் நின்னேன்!"

"நீ சும்மா இரேன்..." என்று கெஞ்சினாள் தையல்காரி.

மகளின் கையிலிருந்து டப்பா நழுவி உருண்டது.

"ஏம்மா... நான் அவ்வளவு பேசினேனே! நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அவர் மேல கோச்சுப்ப. செத்தவர் உன்னை எப்படி சமாதானம் பண்ணுவாரு? என் மேல கோச்சுக்கிட்டா... நான் உயிரோட இருக்கேன், தாங்கிப்பேன்னுதான்..."

மகள் கருநீலக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். புருஷன் போன அன்று கூட, மகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டுமே என்று அடக்கிய அழுகை, இப்போது நிற்கவே மாட்டேன் என்றது. நாத்தனாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு பேரும் பெயின்டுல குளிச்சுட்டீங்க போங்க!" என்றாள்.

வெகு நேரம் கழித்து மகள் பழைய துணியை எடுத்து, காயாத நீலத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பெயின்ட் வேணாம்மா. எண்ணெயே இருக்கட்டும்."

"அப்புறம் வாராவாரம் துடைக்கணுமே... அங்க உனக்கு நேரம் ஏது?"

"இங்கயே இருக்கட்டும். நான் வரேன்."

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தாள். "ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வரேன்."

"பரவால்லம்மா. அப்படியே குடு."